மின்சாரம் போக வழி, வியர்வைக்கு வழியில்லை: கடத்தும் பூச்சுத் துணிகளும் உடுத்தும் சுகமும்

என் மாமா தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரத்தின் தெற்குப் பக்கத்தில் ஒரு பெயின்ட், தின்னர் கிடங்கில் பல வருடம் வேலை பார்த்தார். ஒரு கட்டத்தில் அங்கே எல்லோருக்கும் புது ஓவரால் கொடுத்தார்கள். வெளியே நீலம், உள்ளே முழுக்கக் கறுப்புப் பூச்சு. மார்பில் 'ஆன்டி-ஸ்டாடிக்' என்று தைத்திருந்தது; ஸ்டாடிக், அதாவது உராய்வில் தேங்கி நிற்கும் நிலைமின்சாரம், சேராமல் தடுக்கும் உடை என்று அர்த்தம். அது ஜனவரி மாதம். டர்பனில் ஜனவரி என்றால் உச்சக் கோடை, சொல்ல வேண்டியதில்லை. காலை ஏழு மணிக்கே சட்டை முதுகோடு ஒட்டும். வேலை தொடங்கி அரைமணிக்குள் ஸிப்பை இடுப்புவரை இறக்கி, இரண்டு கைகளையும் முன்னால் முடிச்சுப் போட்டுக்கொண்டுதான் எல்லோரும் நின்றார்களாம்.

அந்த ஓவராலைத் துவைக்க வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று, அம்மா அதன் ஓரத்தைப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துக் கசக்கிக் காதருகே கொண்டுபோனார். டர்பன் தையல் ஆலைகளில் ஆயிரக்கணக்கான இந்தியப் பெண்கள் மெஷினில் உட்கார்ந்திருந்த காலத்தில் அவரும் அங்கே இருந்தவர். இந்தியர்கள் குடியிருந்த சாட்ஸ்வொர்த்திலிருந்து விடியற்காலை பஸ் பிடித்துப் போய்வந்த அந்தத் தலைமுறைக்குத் துணியின் குணம் விரலிலேயே தெரியும். "என்ன தம்பி, இது துணியே இல்லை, குடைச்சீலை" என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் இருப்பதைத்தான் நான் இங்கே விரித்துச் சொல்லப் போகிறேன்.

முதலில் ஒரு கேள்வி. துணி எதற்காக மின்சாரத்தைக் கடத்த வேண்டும்?

இந்த நாட்டில் இரண்டு ஊர்களில் வாழ்ந்து பார்த்தவர்களுக்கு விடை பாதி தெரிந்திருக்கும். என் அக்கா கல்யாணமாகி ஜோஹன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியாவுக்குப் போனவர். ஜோஹன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குளிர்காலத்தில் மழை மிக அரிது; ஆகஸ்ட் மாதப் பிற்பகல்களில் காற்றின் ஈரப்பதம் 30 சதவீதத்துக்கும் கீழே இறங்குவது சாதாரணம். பாலியஸ்டர் சேலை உள்பாவாடையோடு ஒட்டிக்கொண்டு பிரியாது. கார்க் கதவைத் தொட்டால் விரல் நுனியில் சுள்ளென்று அடிக்கும். அதே சேலை, அதே ஆள், டர்பனில் ஒன்றும் நடக்காது. காரணம் நீர். பருத்தி தன் எடையில் ஏழெட்டு சதவீதம் ஈரத்தைக் காற்றிலிருந்து இழுத்து வைத்துக்கொள்ளும். கம்பளி 16 சதவீதம் அளவுக்கு. பாலியஸ்டரோ அரை சதவீதம்கூட வைத்துக்கொள்ளாது. அந்த ஈரம்தான் இழைக்குள் தேங்கும் மின்னூட்டம் மெல்லக் கசிந்து வெளியேற வழி. ஈரம் இல்லாவிட்டால் மின்னூட்டம் துணியிலும் உடம்பிலும் தங்கிவிடும். வறண்ட காற்றில் கம்பளத்தின்மேல் நடந்தாலே உடம்பில் பல்லாயிரம் வோல்ட் ஏறலாம்.

அந்தச் சுள் என்ற அடி வீட்டில் ஒரு தொல்லை, அவ்வளவுதான். தின்னர் கிடங்கில் கதை வேறு. ஏறத்தாழ 3,000 வோல்ட்டுக்குக் கீழே இருக்கும் பொறியைப் பெரும்பாலானவர்கள் உணரவே மாட்டார்கள். மனித உடம்பு ஒரு சிறிய மின்தேக்கி மாதிரி. அதன் கொள்ளளவு 150 பிக்கோஃபாரட் என்று வைத்துக்கொண்டால், 3,000 வோல்ட்டில் அது தேக்கி வைக்கும் ஆற்றல் சுமார் 0.7 மில்லிஜூல். பெயின்ட் தின்னரில் இருக்கும் டொலுயீன் ஆவி காற்றோடு சரியான அளவில் கலந்திருந்தால் தீப்பிடிக்க 0.24 மில்லிஜூல் போதும். கை உணராத பொறி ஒரு கிடங்கையே எரிக்கலாம் என்பது மிகைப்பேச்சு இல்லை, கணக்கு. ஆகவே ஓவரால் மின்னூட்டத்தைத் தேக்கக் கூடாது என்று கேட்டது முழுக்க நியாயம். அதை எப்படிச் செய்தார்கள் என்பதில்தான் என் வழக்கு.

கடத்தும் பூச்சு என்று சொல்லும்போது ஒரே பொருளை நினைத்துவிடக் கூடாது. கரித்தூளை அக்ரிலிக் அல்லது பாலியூரித்தேன் பசையில் குழைத்துத் துணிமேல் கத்தியால் வழித்துப் பூசுவது ஒரு வகை. மாமாவின் ஓவரால் அந்த வகை. வெள்ளி, செம்பு, நிக்கல் போன்ற உலோகத்தை ரசாயனக் குளியலில் இழைமேல் படியவைப்பது இன்னொன்று. மூன்றாவது வகை மின்சாரம் கடத்தும் பிளாஸ்டிக்குகள். பிளாஸ்டிக் மின்சாரம் கடத்தும் என்று 1977-இல் காட்டிய ஹீகர், மேக்டயர்மிட், ஷிரகாவா மூவருக்கும் 2000-ஆம் ஆண்டு வேதியியல் நோபல் கிடைத்தது. அந்த வழியில் வந்த பாலிபிரோல், பெடாட் போன்றவற்றை இன்று துணியில் ஏற்றுகிறார்கள். அப்புறம் கரியணுக்களால் ஆன மிக நுண்ணிய குழாய்களும் (கார்பன் நானோகுழாய்) ஓரணுத் தடிமன் தகடுகளும் (கிராஃபீன்) கலந்த மைகள்.

பூசியதும் துணிக்கு என்ன ஆகிறது என்று பார்ப்போம். துணியின் சுகம் என்பது ஒரு தனிக் குணம் இல்லை. வியர்வை ஆவி வெளியே போகிறதா, சூடு போகிறதா, துணி உடம்போடு மடிகிறதா, தோலில் எப்படிப் படுகிறது என்ற பல விஷயங்களின் கூட்டு அது. டர்பனில் இருப்பவனாக நான் ஆவியிலிருந்தே தொடங்குகிறேன்.

ஒரு கிராம் வியர்வை தோல்மேல் ஆவியானால் உடம்பிலிருந்து ஏறத்தாழ 2.4 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். வெயிலில் கடுமையாக உழைப்பவருக்கு மணிக்கு ஒரு லிட்டர் வியர்வைகூட வரும். அது ஆவியாகி வெளியே போனால் உடம்பு குளிரும். போகாவிட்டால் உப்புநீராக ஓடுமே தவிர, குளிர்ச்சி கிடையாது. நூலுக்கும் நூலுக்கும் நடுவில் இருக்கும் கண்கள்தான் ஆவியின் பாதை. கரித்தூள் பசையை வழித்துப் பூசும்போது முதலில் அடைபடுவது அந்தக் கண்கள். பசையின் வேலை கரித்தூளைத் துணியோடு பிடித்துவைப்பது. அது சல்லடைமேல் தடவிய மாவு மாதிரி ஓட்டைகளின் குறுக்கே தோல் கட்டிவிடுகிறது.

இதை அளக்க ஒரு கருவி இருக்கிறது. தோலைப் போல 35 டிகிரியில் வைத்த, நீர் கசியும் ஒரு தட்டு. அதன்மேல் துணியை விரித்து, ஆவி வெளியேறுவதற்குத் துணி எவ்வளவு தடை தருகிறது என்று பார்ப்பார்கள். ஐ.எஸ்.ஓ. 11092 என்பது அந்தச் சோதனையின் எண். அதில் வரும் அளவை 'ரெட்' (Ret) என்பார்கள். பரவலாகப் புழங்கும் ஒரு தரவரிசைப்படி 6-க்குக் கீழே மிக நல்லது, 13 வரை நல்லது, 20 வரை பரவாயில்லை, 20-ஐத் தாண்டினால் உழைக்கும் உடம்புக்கு ஆகாது.

இந்த எண் ஊரைப் பொறுத்து எப்படி வலிக்கிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை. ஆவியை வெளியே தள்ளுவது தோலுக்கும் வெளிக்காற்றுக்கும் இடையே உள்ள நீராவி அழுத்த வித்தியாசம். 35 டிகிரியில் நனைந்த தோலருகே அது சுமார் 5.6 கிலோபாஸ்கல். டர்பனில் 28 டிகிரி, 80 சதவீத ஈரப்பதம் உள்ள ஒரு நாளில் காற்றிலேயே 3 கிலோபாஸ்கல் இருக்கும். மிச்சம் 2.6. ஜோஹன்னஸ்பர்க் குளிர்காலப் பிற்பகலில், 18 டிகிரி, 25 சதவீத ஈரப்பதத்தில், காற்றில் இருப்பது அரை கிலோபாஸ்கல்தான். மிச்சம் 5.1. ஆக, ஒரே ஓவரால் லெனேசியாவில் வெளியே விடும் ஆவியில் பாதியைத்தான் டர்பனில் விடும். ஸ்டாடிக் தொல்லை அதிகமுள்ள வறண்ட மேட்டு நிலத்தில் பூச்சுத் துணியை ஓரளவு தாங்கிக்கொள்ளலாம். ஸ்டாடிக் குறைவாக இருக்கும் கடற்கரையில்தான் அது அதிகம் வதைக்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மாமாவின் முதுகில் வேர்க்குரு சிவந்து கிடந்தது கண்முன் வரும்.

அடுத்தது விறைப்பு. அம்மா காதில் கேட்டது இதைத்தான். நூல் என்பது ஒரு கம்பி இல்லை. மெல்லிய இழைகளின் கட்டு. வளைக்கும்போது ஒவ்வொரு இழையும் பக்கத்து இழைமேல் வழுக்கிக்கொண்டு தனித்தனியாக வளைகிறது. அதனால்தான் துணி மடிகிறது, தொங்குகிறது, சேலை கொசுவமாக நிற்கிறது. நூறு இழைகள் தாராளமாக வழுக்கினால் நூலின் விறைப்பு ஒரு இழையைப் போல நூறு மடங்கு. அதே நூறையும் பசை போட்டு ஒரே குச்சியாக்கிவிட்டால் நூறின் வர்க்கம், அதாவது பத்தாயிரம் மடங்கு வரை போகும். நிஜத் துணி இந்த இரண்டு எல்லைகளுக்கு நடுவே எங்கோ இருக்கும். பூச்சு அதை எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று சொல்ல ஆய்வகம் வேண்டாம்; கசக்கிப் பார்த்தால் மொறுமொறு என்று சத்தம் கேட்கும்.

சோதனைச் சாலைகளில் இதற்கு ஜப்பானியரான சுவேயோ கவபாத்தா உருவாக்கிய கருவிகள் உண்டு. வளைவு, சறுக்கு, அமுக்கம், இழுவை, மேற்பரப்பு உராய்வு என்று மிகச் சிறிய விசைகளில் துணியை அளப்பார்கள். நெசவாலைகளில் பழுத்த கைகள் தொட்டுச் சொன்ன தீர்ப்புகளோடு அந்த எண்களைப் பொருத்திப் பார்த்துத்தான் அந்த முறையையே கட்டினார். இதைப் படித்தபோது எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. அம்மாவின் விரல் செய்தது அறிவியலுக்கு வெளியே இருந்த வேலை இல்லை.

பசை ஏன் இவ்வளவு அதிகம் தேவைப்படுகிறது? கரித்துகள்கள் ஒன்றையொன்று தொட்டால்தான் மின்சாரத்துக்குத் தொடர் பாதை கிடைக்கும். உருண்டைத் துகள்கள் பசைக்குள் சிதறிக் கிடக்கும்போது, குறிப்பிட்ட அளவைத் தாண்டும்வரை பாதையே உண்டாகாது. தாண்டியதும் மின்தடை மளமளவென்று விழும். அந்த அளவை எட்டக் கரித்தூள் நிறைய வேண்டும், அதைப் பிடித்துவைக்கப் பசையும் நிறைய வேண்டும். நானோகுழாய்கள் நீளமானவை என்பதால் வைக்கோல் போர் மாதிரி குறைந்த அளவிலேயே ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். பூச்சு மெலிகிறது, துணி பிழைக்கிறது. விலைதான் இடறுகிறது.

தோலில் படும் சங்கதிக்கு வருவோம். உலோகப் பூச்சுத் துணி தொட்டவுடன் சில்லென்று இருக்கும்; அது ஒரு கணம். நீடிக்கும் விளைவு வேறு. நம் உடம்பு அகச்சிவப்புக் கதிராகவும் வெப்பத்தை வீசிக்கொண்டிருக்கிறது. சாதாரணத் துணி அதை உள்வாங்கி வெளியே விடும். பளபளக்கும் வெள்ளிப்படலம் அதைக் கண்ணாடி போலத் திருப்பி அனுப்பும். குளிருக்கு நல்லது, டர்பன் கோடைக்கு ஆகாது. நிக்கல் இருந்தால் ஒவ்வாமை உள்ளவர்களுக்குச் சொறி வரும். தோலில் நெடுநேரம் படும் பொருள்களிலிருந்து வாரத்துக்கு ஒரு சதுர சென்டிமீட்டரில் 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கல் வெளியேறக் கூடாது என்று ஐரோப்பாவில் சட்டமே இருக்கிறது. பெடாட் கரைசல் புளிப்பு மிகுந்தது. சரியாக அலசாமல் விட்டால் தோலுக்கு ஆகாது. துவைக்கத் துவைக்கப் படலம் வெடித்தால் கடத்தலும் போகும், வெடித்த விளிம்பு உறுத்தவும் செய்யும்.

இதெல்லாம் புதிய பாடம் என்று நினைத்தால் நம் வீட்டு அலமாரியைத் திறந்து பாருங்கள். பாட்டி வைத்திருந்த பட்டுச்சேலையின் சரிகை என்ன? பட்டு நூலின்மேல் தட்டையாக்கிய வெள்ளிக் கம்பியைச் சுற்றி, அதற்குத் தங்க முலாம் கொடுத்தது. மின்சாரம் கடத்தும் நூல்தான். நம் நெசவாளர்கள் அந்த உலோகத்தைச் சேலை முழுக்கப் பூசவில்லை. நூல்மேல் சுற்றினார்கள், அந்த நூலைக் கரையிலும் முந்தானையிலும் வைத்தார்கள், உடலில் புட்டாவாக அங்கங்கே தூவினார்கள். உடல் பட்டாகவே இருந்தது, காற்று போய்வந்தது. சரிகை அடர்ந்த ரவிக்கைக் கை அக்குளில் அறுப்பதையும், வியர்வை பட்ட இடத்தில் வெள்ளி கறுப்பதையும் பெண்கள் எப்போதோ அறிந்திருந்தார்கள்; அதனால்தான் உட்புறம் பருத்தி லைனிங் வைத்துத் தைப்பார்கள். உலோகம் எங்கே வேண்டும், எங்கே வேண்டாம் என்ற கேள்வியை அவர்கள் கேட்டார்கள். மாமாவின் ஓவராலைச் செய்தவர்கள் கேட்கவில்லை.

கேட்டிருந்தால் விடை கிடைத்திருக்கும். ஸ்டாடிக்கைத் தடுக்க எவ்வளவு கடத்தல் வேண்டும் என்று பாருங்கள். ஐரோப்பிய ஈ.என். 1149 தரத்தில் ஒரு வழி, துணியின் ஒரு பக்கத்திலாவது மேற்பரப்பு மின்தடை 250 கோடி ஓமுக்குள் இருக்க வேண்டும் என்பது. 250 கோடி! அலைபேசி அலைகளைத் தடுக்கும் வெள்ளிப்பூச்சுத் துணிகளில் மின்தடை ஒரு ஓமுக்கும் கீழே. ஸ்டாடிக்குக்குத் தேவை ஆற்று வெள்ளம் இல்லை, ஒரு சிறு கசிவு. துணி முழுக்கக் கறுப்பாகப் பூசுவது தேவைக்குப் பல மடங்கு அதிகமான கடத்தல். அதற்கு விலையாகக் கொடுத்தது காற்றும் மென்மையும். இந்தச் சோதனையை 25 சதவீத ஈரப்பதத்தில் செய்வார்கள். பருத்தியின் ஈரம் உதவிக்கு வராத நிலையில் துணி தேறுகிறதா என்று பார்க்கத்தான்.

இன்னொரு வழியும் அதே தரத்தில் இருக்கிறது. சாதாரணத் துணியின் நெசவில், கார்பன் சேர்ந்த நூலைக் கட்டம் கட்டமாக ஓடவிடுவது. கோட்டுக்கும் கோட்டுக்கும் இடைவெளி 10 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. இப்படிப்பட்ட துணியை மேற்பரப்பு மின்தடையால் அளக்காமல், ஏறிய மின்னூட்டம் பாதியாகக் குறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்ப்பார்கள். 4 விநாடிக்குள் குறைந்தால் தேர்ச்சி. அந்த மெல்லிய கறுப்புக் கோடுகளுக்கு நடுவில் இருப்பது பசை படாத துணி. மடிகிறது, ஆவியை விடுகிறது. கிட்டத்தட்ட சரிகைக் கட்டம்.

பூச்சே வேண்டும் என்றாலும் துணியை விட்டுவிட்டு இழையைப் பூசலாம். பாலிபிரோலைச் சாயத்தொட்டியில் சாயம் ஏற்றுவது போல இழைமேலேயே உண்டாக்குவார்கள். ஒரு மைக்ரோமீட்டருக்கும் மெல்லிய படலம் ஒவ்வொரு இழையையும் தனியே சுற்றும். நூலின் கண்கள் திறந்தே இருக்கும். குறை என்னவென்றால் நிறம் கறுப்புதான், காற்றுப் படப்படக் கடத்தலும் குறைந்துகொண்டு வரும்.

குளிர்ப் பிரதேசத்துக்கான பக்கமும் உண்டு. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் யி சுய் குழு பத்தாண்டுக்கு முன் துணிமேல் வெள்ளி நானோகம்பிகளை வலையாகப் படியவைத்தது. வலையின் கண் அகச்சிவப்பு அலையைவிடச் சிறியது, நீர் மூலக்கூறைவிட மிகப் பெரியது. அதனால் உடம்பின் கதிர் திரும்பி வருகிறது, வியர்வை ஆவி வெளியே போகிறது. இந்தத் துறையில் எனக்கு மிகப் பிடித்த யோசனை இது. அதே வலையில் மின்சாரம் ஓடவிட்டால் சூடும் வரும். கணக்கு எளிது: 7.4 வோல்ட் பேட்டரி, 5.5 ஓம் மின்தடை என்றால் 10 வாட். சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதன் தானே 100 வாட் வெப்பம் தருகிறான். அதோடு பத்து சேர்ந்தால், கரண்ட் போன ஜூலை இரவில், லெனேசியா வீட்டில் உட்கார்ந்திருக்கும் முதியவருக்கு அது பெரிய ஆறுதல்.

டர்பனுக்குத் திரும்புகிறேன். 1990-களில் சுங்க வரி குறைந்து வெளிநாட்டுத் துணி குவிந்தபோது இங்கே தையல் ஆலைகள் வரிசையாக மூடின. பாதுகாப்பு உடைகளுக்கு இங்கே இன்னும் தேவை இருக்கிறது. சுரங்கம், ரசாயனம், மின்சாரம் என்று உழைக்கும் நாடு இது. வாங்குகிற அலுவலகத்தில் விலைப்பட்டியலோடு வரும் தாளில் ஓம் எண் இருக்கும். ரெட் எண்ணை யாரும் கேட்பதில்லை. சுகம் என்றால் சொகுசு என்று நினைக்கிறார்கள். ஆனால் இந்த வகை உடையோடு வரும் எச்சரிக்கையைப் படித்துப் பாருங்கள்: தீப்பிடிக்கும் ஆவி உள்ள இடத்தில் இதைத் திறக்கவோ கழற்றவோ கூடாது. பாதம் வழியாகத் தரைக்குத் தொடர்பு இருக்க வேண்டும், உள்ளே போட்ட உடையை மூடியிருக்க வேண்டும். மாமாவும் அவர் கூட்டாளிகளும் இடுப்பில் முடிந்துகொண்டு நின்றபோது உள்ளே இருந்தது பாலியஸ்டர் பனியன். பொறியைத் தடுக்க வாங்கிய உடை, போட முடியாத உடையாக இருந்ததால், பொறிக்கு வழி திறந்து நின்றது. அந்தக் கிடங்கில் ஒன்றும் நடக்கவில்லை என்பது அந்த ஓவராலின் புண்ணியம் இல்லை. டர்பன் காற்றின் ஈரம் காப்பாற்றியிருக்க வேண்டும்.

பிறகு புகார் எழுந்து, கட்டம் போட்ட துணியில் வேறு ஓவரால் வந்தது. மாமா அதையும் வீட்டுக்குக் கொண்டுவந்தார். அம்மா கசக்கினார், சத்தம் வரவில்லை. ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தார். ஊசிக்கண் போல ஒளி தெரிந்தது. அப்புறம் துணியை உதட்டில் வைத்து ஊதினார், அந்தப் பக்கம் வைத்திருந்த உள்ளங்கையில் காற்றுப் பட்டது. "சரி, இதைப் போட்டுக்கோ தம்பி" என்று சொல்லி மடித்துக் கொடுத்தார்.